விடிந்தால் நிறைந்திருக்கும் டப்பா

வண்டியில் தண்ணீர் குறைந்தால் அது நியாயமான தொல்லை. எங்கேயோ ஓட்டை இருக்கும், ஒழுகும், தேடிக் கண்டுபிடித்து அடைத்துவிடலாம். எல்லா வண்டிக்காரர்களுக்கும் அப்படித்தான் நடக்கிறது. கண்ணாடிக் கடைக்காரருக்கு மட்டும் தண்ணீர் கூடியது.

அது பதினான்கு வயதான எஸ்யூவி. அக்கா வீட்டுக்காரரிடமிருந்து வாங்கியது. அத்தான் அதற்குப் 'பெரியவன்' என்று பெயர் வைத்து, பெற்ற பிள்ளைகளுக்குச் செய்யாத சேவையெல்லாம் செய்து வளர்த்திருந்தார். கண்ணாடிக்காரருக்குப் பெரிய வண்டி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் போய்க் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறவர். லென்ஸ் பெட்டி, எழுத்துப் பலகை, ஸ்டாண்டு, பிரேம் அடுக்கிய தட்டுகள் எல்லாம் பழைய சின்னக் காரில் ஏறிக்கொண்டால் அவருக்கு உட்கார இடம் இருக்காது. அதனால் அத்தான் விற்கப்போவதாகச் சொன்னதும் வெளியில் விசாரிக்கக்கூட இல்லை. சொந்தக்காரர் வண்டி, அதுவும் அத்தான் வண்டி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அவரே நாலு பேரிடம் சொன்னார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாவியைக் கொடுக்கும்போது அத்தான் பானெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு சாவிதான் இருக்கு மாப்ள. இன்னொண்ணு எங்கயோ தொலைஞ்சு போச்சு. பெரியவன நல்லா பாத்துக்கோ."

"என்னத்தான், பொண்ணக் கட்டிக் கொடுக்கிற மாதிரி பேசுறீங்க."

அத்தான் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, முகாமுக்குப் போகிற வழியில் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறி சிவப்பைத் தொட்டது. பானெட்டுக்குள்ளிருந்து புகை. ஓரம் கட்டி, அரை மணி நேரம் வெயிலில் நின்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிப் போய்ச் சேர்ந்தார். திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை வண்டி சமர்த்தாகக் கடைக்கும் வீட்டுக்கும் போய் வந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் புகை.

மெக்கானிக் நல்ல மனிதர். எதைக் காட்டினாலும் "இது சின்ன விஷயம் சார்" என்பார். இதையும் சொன்னார். ரேடியேட்டரில் காற்று அடித்துப் பார்த்தார், நின்றது. விசிறி சுற்றியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், ஒழுங்காகத் திறந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டிக் காட்டினார். ரேடியேட்டருக்கு வேண்டியபோது தண்ணீர் கொடுத்து, மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொள்ளும் டப்பா அது. பக்கவாட்டில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

"இதுல தண்ணி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். ஒரு வாரம் நீங்க ஒண்ணும் ஊத்தாதீங்க. காலைல ஒரு தடவ, சாயந்தரம் வண்டி ஆறினதும் ஒரு தடவ பாத்து எழுதிட்டு வாங்க. குறையுதா இல்லையான்னு தெரிஞ்சிட்டா மத்தது எல்லாம் சின்ன விஷயம்."

எழுதுவது என்றால் கண்ணாடிக்காரருக்குச் சர்க்கரைப் பொங்கல். கால் பாயிண்டு பிசகினால் ஒருவருக்குத் தலைவலி வந்துவிடும் தொழிலில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். கடையில் பவர் குறிக்கும் நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மில்லிமீட்டர் கணக்கில் எழுத ஆரம்பித்தார்.

செவ்வாய் மாலை: கீழ்க்கோட்டுக்கு எட்டு மில்லிமீட்டர் கீழே. புதன் காலை: மேல்கோட்டில். புதன் மாலை: கீழ்க்கோட்டுக்கு ஆறு கீழே. வியாழன் காலை: மேல்கோட்டில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தண்ணீர் அங்கேயேதான் நின்றது.

ஒரு வாரம் கழித்து மெக்கானிக் நோட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"சூட்டுல தண்ணி ஏறும், ஆறினா இறங்கும். அது தெரிஞ்ச விஷயம். இது நிக்கிற வண்டியில, ஆறின தண்ணி, விடியிறதுக்குள்ள ஏறுதே. இது எந்த ஊரு நியாயம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

மெக்கானிக் டப்பாவைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "பச்சைக் கூலன்ட்தான் ஊத்திக் கொடுத்தேன். வெளுத்துப் போச்சு பாருங்க. யாரோ வெறும் தண்ணிய ஊத்துறாங்க."

"யாரு ஊத்துவா? சாவி எங்கிட்டதான் இருக்கு. உள்ள இருக்கிற பிடிய இழுத்தாத்தான் பானெட்டே திறக்கும்."

"அப்ப நீங்கதான் சார்." மெக்கானிக் சிரித்தார். "ஊத்திட்டு மறந்திருப்பீங்க. வயசாகுதில்ல? இது சின்ன விஷயம்."

மெக்கானிக்குக்கு அது சின்ன விஷயம். கண்ணாடிக்காரருக்கு அதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

காரணம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் ஆரம்பம் இப்படித்தான். அடுப்பை அணைத்துவிட்டு அணைக்கவில்லை என்பார். செருப்பை எடுத்து அலமாரியில் வைப்பார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். ஆறு வருஷத்தில் அப்பா ஒருநாள் இவரை உட்காரச் சொல்லி, மிகுந்த மரியாதையுடன், "உங்க அப்பா சௌக்கியமா இருக்காரா?" என்று கேட்டார். "நல்லா இருக்காருங்க," என்று பதில் சொல்லிவிட்டு இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அப்பாவுக்கு அது தொடங்கியபோது வயது ஐம்பத்தாறு. கண்ணாடிக்காரருக்கு இப்போது ஐம்பத்தாறு.

அன்றிலிருந்து மனிதர் ரேடியேட்டரை விட்டுவிட்டுத் தன்னையே பார்க்க ஆரம்பித்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எனக்கு ஞாபகம் இல்லாதவை' என்று தலைப்புப் போட்டார். தண்ணீர் முதல் இடத்தைப் பிடித்தது. பட்டியல் தொடங்கியவனுக்குச் சரக்கா கிடைக்காது? ஓட்டுநர் சீட்டு ஒருநாள் காலை பின்னால் தள்ளியிருந்தது. அவர் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்து ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். அவர் ஏன் பின்னால் தள்ளப்போகிறார்? எழுதினார். இன்னொரு நாள் முன்கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. எழுதினார். ரேடியோ அவர் கேட்காத பழைய பாட்டு நிலையத்துக்குத் திரும்பியிருந்தது. அதையும் எழுதினார். ஏன் ஞாயிறு மட்டும் தண்ணீர் கூடவில்லை என்பதற்கும் அவரிடம் விடை தயாராகிவிட்டது: மற்ற நாளில் கடைக்குக் கிளம்பும் பழக்கத்தில் கை தானாக ஊற்றுகிறது, மனசுக்குத் தெரியவில்லை. ஞாயிறு கடை இல்லை, பழக்கம் அறுந்துவிடுகிறது, கை சும்மா இருக்கிறது. எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். புத்திசாலிக்குப் பயம் வந்தால் இதுதான் தொல்லை, பயத்துக்கு வேண்டிய ஆதாரத்தையெல்லாம் அவனே திரட்டிக் கொடுத்துவிடுவான்.

கடையில் ஒவ்வொரு லென்ஸையும் மூன்று தடவை சரிபார்த்தார். வலது கண் லென்ஸில் 'வ' என்று எழுதினார், இடது லென்ஸில் 'இ' என்று எழுதினார், பிறகு எழுதியதைச் சரியாகத்தான் எழுதினேனா என்று பார்த்தார். பக்கத்து ஊர் டீச்சரம்மா கண்ணாடி கேட்டு மூன்றாம் முறை வந்தபோது, "இன்னும் ஒரு நாள் குடுங்கம்மா," என்றார். அந்தக் கண்ணாடி நாலு நாளாக டிராயருக்குள் முடிந்து கிடந்தது.

அதற்கப்புறம் மூடி விவகாரம் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவுக்கு மூடியைக் காணோம். மூடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பாலித்தீன் உறை, அழகாக மடித்து, மேலே இரண்டு சுற்று ரப்பர் பேண்டு. டப்பா வழக்கம்போல மேல்கோடு வரை நிறைந்திருந்தது. அவர் அந்த ரப்பர் பேண்டைத் தொட்டுப் பார்த்தார். சுற்றிய கை தன் கையாக இருக்குமோ என்று விரல்களைப் பார்த்தார். விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மனைவி துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நரம்பு கிடைக்காத கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். புருஷனுக்கு என்ன என்பதை அவளால் அப்படி எடுக்க முடியவில்லை.

"இது என்னங்க, சட்டைப் பையில?"

கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. நேற்று போட்டிருந்த சட்டை.

"அது... வண்டியோடது."

"வண்டி மூடி சட்டைப் பைக்கு ஏன் வந்துச்சு?"

"தெரியல," என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூடியைத் துடைத்து அவர் கையில் வைத்து, ஒரு கணம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலில் ஐந்தாவது: உறை. ஆறாவது: மூடி. அதை எழுதும்போது கொஞ்சம் அழுத்தி எழுதிவிட்டார், காகிதம் கிழிந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி, தன்னைத்தானே கையும் களவுமாகப் பிடிப்பது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். லென்ஸைத் தேய்த்து மெருகேற்ற ஒரு பொடி வைத்திருப்பார், வெளிர் ரோஸ் நிறம், தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. கடையிலிருந்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, செவ்வாய்க்கிழமை மாலை பானெட் திறக்கும் பிடியின்மேல் லேசாகத் தடவி வைத்தார். காலையில் எவன் நகத்தில் ரோஸ் இருக்கிறதோ அவன்தான் ஆள்.

புதன் காலை பிடியில் பொடி கலைந்திருந்தது. பிடியில் பொடி கலைந்திருந்தது. அவர் வெளிச்சத்துக்குப் போய்க் கையை விரித்தார். பத்து நகத்திலும் ரோஸ்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முப்பது வருஷமாக அந்தப் பொடி அவருடைய நகத்தில்தான் குடியிருக்கிறது, கல்யாண போட்டோவில்கூட அது தெரியும், என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு எட்டவில்லை. நமக்குத் தெரிகிறது. சிரிக்கலாமா என்றால் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

உள்ளே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவைச் சொன்னார், நோட்டைக் காட்டினார். பொடியை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தால் அவள் ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள்.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலங்க. நான் உங்க பக்கத்துலதான படுத்திருக்கேன். நீங்க எழுந்து போனா எனக்குத் தெரியாதா?"

"உனக்குத்தான் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாதே."

அது உண்மைதான். லேபுக்குப் போய் அங்கிருந்தே மூளை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள். வியாழக்கிழமை, பதினொரு மணி. சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, கேட்காத ஒன்றையும் சொன்னாள்: "என்ன ஆனாலும் நான் இருக்கேன். அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க." சொல்லிவிட்டு 'ஞாபகம்' என்ற சொல் வாயில் வந்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வியாழன் காலை ஐந்து மணிக்கே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. மனைவி அசையாமல் தூங்கினாள். டாக்டரிடம் காட்டப் பட்டியலைத் தெளிவாக ஒரு தாளில் எழுதிவிடலாம் என்று நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து அதை எழுத மனம் வரவில்லை. வாசலில் தெருவோரமாக வண்டி நின்றது. ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, மேல் விளக்கைப் போட்டு எழுதத் தொடங்கினார். மூன்று வரி எழுதினார். கண்ணில் நீர் கட்டியதும் விளக்கை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். தெரு வெளுத்துக்கொண்டிருந்தது.

அப்போது முன் கதவில் சாவி நுழைந்தது.

கண்ணாடிக்காரர் மூச்சை நிறுத்திக்கொண்டார். சாவி அவர் மடியில் நோட்டின்மேல் இருந்தது. அது அங்கேயே இருந்தது, இன்னொரு சாவி கதவைத் திறந்தது. ஒரு கை உள்ளே வந்து, கீழே துழாவி, பிடியை இழுத்தது. பானெட் 'டொக்' என்று விட்டது. கை போய்விட்டது. பானெட் மேலே போய் முன்கண்ணாடியை மறைத்தது. தண்ணீர் 'களக், களக்' என்று இறங்கும் சத்தம் கேட்டது.

அவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? திருடன் என்றல்ல. 'நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனே, அப்படியானால் அங்கே ஊற்றுவது யார்?' என்று. அந்த அளவுக்கு மனிதர் குழம்பியிருந்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். வலித்தது.

"பெரியவனே," என்றது பானெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், கெஞ்சலாக. "இன்னைக்கும் மானத்தக் காப்பாத்திடுடா ராஜா."

பானெட் மெதுவாக, சத்தமில்லாமல் மூடப்பட்டது. நடைப்பயிற்சி ஷூ, குல்லாய், கையில் காலி பாட்டில். டாக்டர் சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொன்னதிலிருந்து அத்தான் தினமும் விடியற்காலை இந்தத் தெரு வழியாகத்தான் போகிறார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அத்தான் ஓட்டுநர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார், நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார், நீளமான கால்களுக்கு வசதியாகச் சீட்டை ஒரே தள்ளாகப் பின்னால் தள்ளினார்.

சீட்டு கண்ணாடிக்காரரின் முழங்காலில் வந்து இடித்தது.

"ஐயோ அம்மா!"

"ஐயையோ!" அத்தான் எழுந்த வேகத்தில் தலை கூரையில் முட்டியது. திரும்பிப் பார்த்துப் பேயறைந்தவர்போல் ஆனார். வாய் திறந்து திறந்து மூடியது. "மாப்ள... நான்... சும்மா இப்படி வந்தேன்..."

"நீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர். "அத்தான், நீங்களா?"

"கோவப்படாத. சொல்லிடுறேன். எல்லாத்தையும் சொல்லிடுறேன். அக்காகிட்ட மட்டும் சொல்லாத. ரேடியேட்டர்ல மேல ஒரு மயிரிழை விரிசல் மாப்ள. சூடானாத்தான் திறக்கும். தண்ணி ஆவியாப் போயிடும், கீழ ஒரு சொட்டுக்கூட விழாது. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். சொன்னா நீ வாங்க மாட்டே. வெளியாள் வாங்கினா உடைச்சு இரும்புக்குப் போட்டுடுவான். பெரியவன எப்படி மாப்ள... வித்த அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன், வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு..."

"தினமும் நீங்கதான் ஊத்தினீங்களா? புதன், வியாழன்?"

"ஞாயித்துக்கிழமை தவிர. ஞாயித்துக்கிழமை நடக்கிறதுக்கு லீவு," என்றார் அத்தான், குற்றத்தில்கூட ஒழுங்கைக் காட்டி.

கண்ணாடிக்காரர் இரண்டு சீட்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்து அத்தானின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கழுத்தை நெரிக்கத்தான் வருகிறான் என்று அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெரிபடவில்லை. தோளில் ஈரமாக ஏதோ விழுந்தது.

"அத்தான், நீங்க நல்லா இருக்கணும்," என்று அழுதார் ஏமாற்றப்பட்டவர். "நீங்க நூறு வருஷம் இருக்கணும்."

ஏமாற்றியவர் திருதிருவென்று விழித்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார், அக்காவிடம் சொன்னால் காலில் விழவும் தயாராக இருந்தார். இதற்கு அவரிடம் முகம் இல்லை. "உனக்கு உடம்பு சரியில்லையா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

சத்தம் கேட்டு மனைவியே எழுந்து வந்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வண்டிக்குள் இரண்டு பெரிய மனிதர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள். அவர் கையைத் தூக்கி நோட்டைக் காட்டினார்.

"இவருதான்! எல்லாம் இவருதான்! நான் இல்ல!"

பிறகு அங்கேயே வண்டிக்குள், மேல் விளக்கு வெளிச்சத்தில் விசாரணை நடந்தது. அவர் படித்தார், அத்தான் ஒப்புக்கொண்டார், பேனா அடித்தது.

"தண்ணி."

"நான்."

"சீட்டு பின்னால."

"நான். சில நாள் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போவேன். மனசு கேக்காது."

"முன்கண்ணாடி."

"நான்தான். நீ துடைக்கவே மாட்டேங்குற."

"ரேடியோ."

"நான்."

"பட்டியல்ல இல்லாதது ஒண்ணு, பொடி. உங்க நகத்தக் காட்டுங்க." அத்தான் காட்டினார். இரண்டு விரலில் ரோஸ் ஒட்டியிருந்தது. "அதான் உன் அக்கா என்ன இது புதுசா சாயம்னு கேட்டா," என்றார். மனைவி அந்த நகத்தையும் புருஷன் நகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க பொடி வெச்சா உங்களப் பிடிச்சீங்க? அந்தப் பொடி இல்லாத கைய நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள், பல நாளைக்குப் பிறகு.

"பாலித்தீன் உறை, ரப்பர் பேண்டு."

"நான். தூசி விழுந்துடும்ல?"

அவர் அதையும் அடித்தார். ஆறாவதற்கு வந்தார். பேனா அடிக்கத் தயாராக நின்றது.

"மூடி."

"எந்த மூடி?" என்றார் அத்தான்.

"டப்பா மூடி. என் சட்டைப் பையில..."

"அத நான் ஏன் தொடப்போறேன்? நான் வந்தப்பவே மூடி இல்ல. வாயத் திறந்துட்டுக் கிடந்துச்சு பாவம், அதனாலதான் பையில இருந்த உறையச் சுத்தி வெச்சேன். நீதான் எங்கயாவது வெச்சிருப்பே."

மனைவியின் சிரிப்பு நின்றது. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அது நான்தான்," என்றாள் அவசரமாக. "நான்தான் எடுத்து உங்க பையில..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். பானெட்டைத் திறக்கவே தெரியாதவள் அவள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

கண்ணாடிக்காரர் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வந்து கதவைத் தட்டியது, அவர் காத்திருந்தார். முன்புபோல அது கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. ஆறு பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனிடம் ஐந்தை இறக்கி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கொடுத்தால் அவன் அதை வைத்து என்ன செய்வான்? தூக்கிக்கொண்டு நடப்பான். மூடியைப் பையில் போட்டுக்கொண்டு மறந்தவன். அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அல்லது அப்பா மாதிரி ஒரு ஆரம்பம். இரண்டில் எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாததன் அளவு இப்போது அவருக்குத் தெரிந்தது. ஒரு மூடி அளவு.

அவர் அந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் 'நான்' என்று எழுதினார். தெளிவாக, கடையில் பவர் எழுதும் கையெழுத்தில்.

"பதினொரு மணி டாக்டர வேணாம்னு சொல்லிடவா?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"வேணாம். போயிட்டு வந்துடலாம்." நோட்டை மூடினார். "அதுக்கு முன்னாடி கடையத் திறந்து டீச்சரம்மா கண்ணாடியக் குடுத்துடணும். எத்தனையோ நாளா டிராயர்ல கிடக்கு."

அத்தான் சீட்டில் நெளிந்தார். "அப்ப நான் கிளம்பட்டுமா மாப்ள?"

"எங்க கிளம்புறீங்க? வண்டிய நீங்கதான் ஓட்டுறீங்க. கடைக்கு, டாக்டருக்கு, அங்கிருந்து நேரா மெக்கானிக்கிட்ட. அந்த விரிசல் எங்க இருக்குன்னு அவருக்கு உங்க விரலால தொட்டுக் காட்டணும்." தொலைந்துபோன இரண்டாவது சாவிக்காகக் கையை நீட்டினார். அத்தான் அதைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். கண்ணாடிக்காரர் வாங்கி, ஒரு கணம் யோசித்து, திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எங்க வெச்சேன்னு மறந்தா, கேக்க ஒரு ஆள் வேணும்ல?"